நிறமுள்ளவை மட்டும் காணாமல் போன குழி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. முகத்துக்கு நேரே பெரியக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ரொட்டிக்கடையில் நேற்றைய ரொட்டியைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று ஒவ்வொன்றையும் அமுக்குவாள். "அமுக்கினதையெல்லாம் நீங்களே எடுத்துக்கங்கம்மா, மத்தவங்க அமுக்காத ரொட்டிதான் கேக்குறாங்க" என்பார் கடைக்காரர். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்தபோது, அவள் எதிரிலேயே அதை விரித்துக் கம்பி கம்பியாகத் தடவிப் பார்த்தாளாம். "சரியாத்தான் இருக்கு" என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் ஒருத்தி உண்டு. கூடப் பிறந்த தங்கை. சின்னவள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சின்னவள் கையால் எது கொடுத்தாலும் பெரியவள் முகர்ந்து பார்க்க மாட்டாள், எண்ணிப் பார்க்க மாட்டாள்.

அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கே தங்கையும் வந்து சேர்ந்தவள்; அண்ணனுக்கு அக்கா, தம்பிக்குத் தங்கை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கல் பட்டறையில் வேலை. அண்ணன் கல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுவார். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. தம்பி அறுத்த கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பட்டறை கொடுத்த வீடுகள் ஒட்டிக்கொண்டு இருந்தன. இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். பெரியவள் கரண்டிக் காம்பால் தட்டினால் "வா" என்று அர்த்தம். சின்னவள் திருப்பித் தட்டினால் "அடுப்புல இருக்கு, வரேன்." மாமியாரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் தட்டுகிற தட்டே வேறு மாதிரி இருக்கும்.

வீடுகளுக்குப் பின்னால் பழைய கல்குழிகள். கல் வெட்டி முடித்து ஆட்கள் போன பிறகு மழை வந்து நிரப்பிவிட்ட குழிகள். மேலே இருப்பது ஆழமானது, நாலு பக்கமும் செங்குத்தான பாறை, தண்ணீர் கண்ணாடி மாதிரி. கீழே இருப்பது ஆழமில்லாதது, ஓரமெல்லாம் பாசி, நாணல். இரண்டுக்கும் நடுவில் பாறை முதுகு ஒன்று படுத்திருந்தது. ஒரு குழித் தண்ணீர் இன்னொன்றுக்குப் போக வழியே கிடையாது.

கொசு தாங்க முடியாமல் போன ஒரு வருஷம் சகோதரர்கள் இருவரும் எங்கிருந்தோ ஒரு டிரம் நிறையக் கப்பி மீன் கொண்டுவந்தார்கள். விரல் நீளம்கூட வராத மீன். பெண் மீன் மங்கலாக இருக்கும், ஆண் மீனுக்கு மட்டும் வாலில் ஆரஞ்சும் நீலமுமாகப் பொட்டுகள். முட்டை போடாமல் குட்டி போடும். ஒரு வருஷத்துக்குள் பாட்டியாகிக் கொள்ளுப்பாட்டியாகிவிடும். டிரம்மில் பாதியை மேல்குழியில் கொட்டினார்கள், மீதியைக் கீழ்க்குழியில். அடியில் தங்கியதைத் தம்பி பட்டறைக்குப் பின்னால் கல் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துவிட்டு டிரம்மைக் கழுவினார். அந்தத் தொட்டியை அப்புறம் யாரும் நினைக்கவில்லை.

பின்னால் பட்டறை முதலாளி, "குழி சும்மாத்தானே கிடக்கு, ஆளுக்கொண்ணு வெச்சுக்கங்க" என்றபோது மேல்குழி அண்ணன் வீட்டுக்கு வந்தது, கீழ்க்குழி தம்பி வீட்டுக்குப் போனது. கலர் மீன் விற்கிற வண்டிக்காரர் ஒருவர் மாதாமாதம் வந்து, பாலித்தீன் பையில் காற்றடைத்து மீன் வாங்கிப் போகத் தொடங்கினார். கொசுவுக்கு விட்ட மீன் கைச்செலவுக்கு ஆயிற்று. இப்படியே வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு வெளியே போனார்கள்.

ஒருநாள் வண்டிக்காரர் பெரியவளின் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னக்கா, இதை யாரு வாங்குவா? சாம்பலும் மண்ணுமா இருக்கு. குச்சியா இருக்கு. உங்க தங்கச்சிகிட்ட இருக்கிறதைப் பாருங்க, வாலை விரிச்சா விசிறி மாதிரி."

"ரெண்டும் ஒரே டிரம்ல வந்ததுதானே?"

"வந்தது ஒண்ணுதான். நானும் எத்தனையோ குளம் பாத்துட்டேன். ஒரே மீனைக் கொண்டுபோய் ஆளுக்கொரு தண்ணியில விட்டுட்டு, பல தலைமுறை கண்டுக்காம இருந்தா, அதது அந்தந்த இடத்துக்குத் தக்கபடி வேற வேற ஆயிடும். இன்னும் ரொம்ப காலம் விட்டா ஒண்ணை ஒண்ணு தன் இனம்னே நினைக்காது."

பெரியவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சின்னவளிடம் இரண்டு பங்கு மீன் வாங்குகிற மனிதர். வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர். மீன் தானாக மாறுமாம். நாய் தானாக ஆடாகுமா? யாராவது மாற்றினால்தான் மாறும்.

அன்றைக்கு விழுந்த முள் வெளியே வரவில்லை. வலை போட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் மேல்குழியிலும் ஆரஞ்சுப் பொட்டு மீன் இருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது தேடினாலும் இல்லை. மங்கலான மீனுக்குப் பஞ்சமில்லை, குட்டிகளோ அள்ள அள்ள வருகின்றன. நிறமுள்ளவை மட்டும் காணோம். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போகத் தெரிந்த திருடன். அவனுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, விட்டுவைக்க இன்னொரு குழியும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் இந்தத் தெருவில் எத்தனை பேர்?

அந்த எண்ணம் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் வந்த எண்ணத்தைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அடுத்த வாரமே கொழுந்தனார் மாட்டினார். காலையில் சன்னலைத் திறந்தால், மேல்குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் வலை, பக்கத்தில் வாளி.

"என்ன தம்பி, இங்க என்ன வேலை?"

"பூட்ஸ் விழுந்துடுச்சு அண்ணி. இந்தப் பாறை வழியா வந்தேன், கழட்டிக் காலைக் கழுவினேன், ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு."

பார்த்தால் ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். பெரியவளுக்கு, ஒற்றை பூட்ஸோடு வந்து எவ்வளவு அழகாகக் கதை கட்டுகிறான் என்றுதான் தோன்றியது. வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். காலி.

"இன்னும் சிக்கலை போல" என்றாள்.

"ஆமா அண்ணி, சேத்துல பொதைஞ்சுடுச்சு போல."

அவர் பூட்ஸைச் சொன்னார். அவள் கேட்டது அதை அல்ல.

அன்று மாலை துணி எடுக்கும்போது சின்னவள் சிரித்துக்கொண்டே, "உன் மச்சினன் ஒத்தக் காலோட வேலைக்குப் போயிருக்காருக்கா" என்றாள். பெரியவள் சிரிக்கவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். தெருவே துணி எடுத்துக்கொண்டிருந்த நேரம்.

"என் குழியில கலர் மீன் எப்படிடி ஒண்ணு விடாம போச்சு? உன் குழியில எப்படிடி நெறைஞ்சுது?"

சின்னவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"ஊரையே சந்தேகப்பட்டப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன் பாரு, எனக்கு வேணும். பூதக்கண்ணாடி என்கிட்டேயும் வந்துடுச்சு. சரி, இனிமே நீ யாரோ நான் யாரோ."

அந்தச் சொல்லோடு சுவர் ஊமையாகிவிட்டது. பெரியவள் கரண்டியைக் கையில் எடுத்தால் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் போகும், பாதியில் நிறுத்திக்கொள்வாள். அந்தப் பக்கம் தாளிக்கிற ஓசை கேட்கும், தும்மல் கேட்கும், சுவரில் தட்டுகிற சத்தம் மட்டும் வராது. தெருவில் அவளிடம் பேச அதற்கு முன்பே ஆள் குறைவு. இப்போது வீட்டுக்காரர் ஒருவர்தான் மிச்சம். அவருக்கோ காது கேட்காது.

கொஞ்ச நாளில் அவர்தான் அந்தச் சேதியையும் கொண்டுவந்தார். தம்பிக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். வர ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறதாம். கீழ்க்குழியை நம்மையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம்.

"சும்மாவா?"

"ஆமா, மாமாதான் கேட்டாரு, போகணுமான்னு" என்றார் அவர், 'சும்மாவா'வை 'மாமாவா' என்று கேட்டுக்கொண்டு.

சும்மா கொடுக்கிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ இருக்க வேண்டும். நல்ல மீனையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார்களோ? அன்று முழுவதும் அதையே மென்றாள். ஆனால் மெல்ல மெல்ல அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. சின்னவள் போகப்போகிறாள். திருடிதான் என்று நிரூபித்துவிட்டால், போகட்டும் என்று விட்டுவிடலாம். திருடி இல்லையென்றால்? ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இதைச் சொல்லச் சுவர்கூட இருக்காது. எது என்று தெரிந்தாக வேண்டும்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி பொறி வைப்பது. மதியம் சின்னவள் கடைக்குப் போயிருந்தபோது, வலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கீழ்க்குழிக்கு இறங்கினாள். விசிறி வால் மீன்களில் பளிச்சென்று இருந்த ஆண்களாகப் பார்த்து ஒரு வாளி அள்ளினாள். திருட்டைக் கண்டுபிடிக்கத் திருடுவது கணக்கில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவற்றை மேல்குழியில் விட்டாள். இத்தனை அழகான மீனைப் பார்த்தால் திருடன் வராமல் இருக்க மாட்டான்.

கொடியில் போர்வைகளைக் காயப்போட்டு அவற்றுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். காய்ந்த போர்வையை நனைத்து நனைத்துக் காயப்போட்டாள். தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரி, "போர்வைக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா பெரியக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

யாரும் வரவில்லை. காலையில் வரவில்லை, வெயிலில் வரவில்லை. ஆனால் மீன் குறைந்தது. நேற்று பாறையோரம் ஒரு கூட்டமாக மினுக்கியவை இன்று இங்கொன்றும் அங்கொன்றுமாக. அவள் தண்ணீர் ஓரத்துக்கே போய்ப் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

ஒரு விசிறி வால் வெயிலில் மெதுவாக, நகை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பவளைப் போல நீந்தி வந்தது. அதைச் சுற்றி அவளுடைய மங்கல் மீன்கள். திடீரென்று மங்கல் மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிதறின. பாறை நிறத்தோடு பாறையாகிவிட்டன. விசிறி வால் மட்டும் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் நின்றது. கீழே நிழலிலிருந்து ஒரு கருத்த தலை எழுந்தது. தண்ணீர் ஒருமுறை சுழித்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தலை மேலே வந்து "க்ளக்" என்று காற்று விழுங்கிவிட்டு இறங்கியது.

விரால்.

பெரியவள் நேரே வீட்டுக்குள் போய் வீட்டுக்காரரின் காதருகே நின்றாள்.

"குழியில விரால் எப்படி வந்துச்சு?"

"வேணாம், மதியம்தான் சாப்பிட்டேன்."

"விரால். குழியில. யாரு விட்டது?"

அவர் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். "நான்தான். டிரம் கொண்டாந்தோமே, அதுக்கு அடுத்த மழைக்கு. பெருசானதும் புடிச்சுச் சாப்பிடலாம்னு கொஞ்சம் குஞ்சு விட்டேன். மறந்தே போச்சு. இன்னும் இருக்கா?"

திருடன் இத்தனை வருஷமாகக் குழிக்குள்ளேயே குடியிருந்திருக்கிறான். குடிவைத்தவர் தன் வீட்டுக்காரர். கலராகப் பிறந்ததெல்லாம் கண்ணில் பட்டு அதன் வாய்க்குள் போயிருக்கிறது. மங்கலானது, மெலிந்தது, சட்டென்று ஓடத் தெரிந்தது மட்டும் தப்பிக் குட்டி போட்டிருக்கிறது. அந்தக் குட்டிகளிலும் மங்கலானவையே தப்பியிருக்கின்றன. கீழ்க்குழியில் விரால் இல்லை. அங்கே பயமில்லாமல் ஆண் மீன் வாலை விரித்திருக்கிறது, பெண் மீன் அதிலே அழகானதாகப் பார்த்துச் சேர்ந்திருக்கிறது.

இதோடு வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்திருப்பார்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் முடிந்துவிட்டால் அதையும் சந்தேகப்பட வேண்டும். என் குழிக்கு விரால் பதில் சொல்லிவிட்டது. ஆனால் சின்னவள் வெளியிலிருந்து நல்ல ஜாதி மீன் வாங்கிக் கீழ்க்குழியில் கலந்திருக்கலாமே? மீன் இடத்துக்குத் தக்கபடி மாறும் என்று சொன்னவர் அந்த வண்டிக்காரர்தானே?

அப்போதுதான் அவளுக்குத் தொட்டி ஞாபகம் வந்தது.

பட்டறைக்குப் பின்னால் போனாள். கல் கழுவும் தொட்டி. கல்மாவு கரைந்து தண்ணீர் சுண்ணாம்பு கலக்கியதைப் போல இருந்தது. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல் தெரியாது. இதில் என்ன உயிர் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே வலையை இழுத்தாள். வலையில் துள்ளின.

அவள் குழி மீனும் இல்லை, சின்னவள் குழி மீனும் இல்லை. வெளிறிய உடம்பு. வாலடியில் கலங்கல் தண்ணீரிலும் கண்ணுக்குப் படுகிற மாதிரி பெரிய கறுப்புத் திட்டு. வாய் மேல்நோக்கி நிமிர்ந்து, எப்போதும் தண்ணீர்ப் பரப்பை முத்தமிடத் தயாராக இருப்பதைப் போல. ஆனாலும் அதே துடுப்பு, அதே சின்ன உடம்பு. டிரம்மின் அடியில் தங்கியவற்றின் பேரன் பேத்திகள்தான்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அவள் தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தாள். இதை மாற்றி வைத்து யாருக்கு என்ன லாபம்? யாரும் வாங்காத மீன். யாரும் எட்டிப் பார்க்காத தொட்டி. சின்னவளுக்கு லாபமில்லை, வண்டிக்காரருக்கு லாபமில்லை, தெருவில் ஒருவருக்கும் இல்லை. வாழ்நாள் முழுக்க அவளைக் கைவிடாத அந்தக் கேள்வி அன்று யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஆளே இல்லை. மூன்று இடத்தில் விட்டார்கள், மூன்றாக ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரர் விராலைப் பிடிக்க மேல்குழியில் பெரிய வலை வீசினார். விரால் சிக்கவில்லை. அடியிலிருந்து வலையில் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு பூட்ஸ். பாசி பிடித்து, சேறு நிறைந்து, உள்ளே நண்டு ஒன்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதை எடுத்துக் கழுவினாள்.

சின்னவள் வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. கட்டிலும் பெட்டியும் ஏறிவிட்டன. பெரியவள் ஒரு கையில் பூட்ஸும் இன்னொரு கையில் கண்ணாடிப் புட்டிகள் வைத்த வாளியுமாக வந்து நின்றாள். கொழுந்தனார் பூட்ஸைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், வாங்கிக் காலில் போட்டுப் பார்த்தார்.

"சுருங்கிடுச்சு அண்ணி."

"நானும்தான் தம்பி" என்றாள் அவள்.

சின்னவள் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே நிமிராமல் கேட்டாள். "மன்னிப்புக் கேக்க வந்தியா, மீனைக் காட்ட வந்தியா?"

"மீனைக் காட்டத்தான். பாத்துட்டு நீயே சொல்லு, எதுக்குக் கேக்கணும்னு."

மூன்று புட்டிகளையும் திண்டில் வரிசையாக வைத்தாள். விராலைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள், கீழ்க்குழியில் திருடியதையும் சொன்னாள். சின்னவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு மேல்குழி ஆண் மீன் ஒன்றைக் கையால் எடுத்துத் தன்னுடைய பெண் மீன்கள் இருந்த புட்டியில் போட்டாள். அது குறுகுறுவென்று சுற்றிச் சுற்றி வந்தது. பெண் மீன்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு பாசி கொறித்தன.

"உன் வீட்டு மாப்பிள்ளையை என் வீட்டுப் பொண்ணுங்க ஏறெடுத்தும் பாக்கல" என்றாள் சின்னவள்.

"ஒரே டிரம்ல பொறந்ததுங்கதான்."

"அதான் நானும் பாக்கறேன்." சின்னவள் இப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "நாமளும் ஒரே வீட்டுல பொறந்தவங்கதான். என் குழியில என்னை எதுவும் கடிக்கலை, பயமில்லாம இருந்துட்டேன். உன்னை எது கடிச்சுதுன்னு நான் கேட்டதே இல்ல."

பெரியவள் திண்டில் உட்கார்ந்தாள். பெரிய பிள்ளை என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திப் பிறர் வீட்டு வேலைக்குப் போய், ஏமாந்து ஏமாந்து எதையும் எண்ணிப் பார்க்கப் பழகிய வருஷங்களைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. சின்னவளைப் பள்ளிக்கு அனுப்பியது அந்த வேலைதான். அதைச் சின்னவள் மறக்கவில்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது.

"போகாம இருக்கலாம்ல?" என்றாள்.

"வேலைக்குச் சரின்னு சொல்லியாச்சுக்கா. போய்த்தான் ஆகணும்." சின்னவள் திண்டிலிருந்து மேல்குழிப் புட்டியை எடுத்து மூடியை இறுக்கினாள். "இதை நான் எடுத்துக்கறேன். அங்க வீட்டுக்குப் பின்னாடி தண்ணித் தொட்டி இருக்காம். விரால் இல்லாத எடத்துல இது என்ன ஆகுதுன்னு பாக்கலாம்."

"நல்லதை எடுத்துக்கோடி. இது எதுக்கு?"

"எனக்கு இதுதான் வேணும்."

வண்டி போய்விட்டது. கீழ்க்குழியும் பெரியவளுக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் குடித்தனம் வந்தது. அவர்கள் வந்த அன்றே அவள் சன்னல் வழியாகச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பூட்டு எதற்கு என்று யோசிக்கத் தொடங்கினாள். விரால் இன்னும் சிக்கவில்லை.

சின்னவள் வாரந்தவறாமல் போன் செய்தாள். இரண்டு மழைக்காலம் போன பிறகு ஒருநாள் குரலில் ஒரு குதூகலத்தோடு பேசினாள்.

"அக்கா, தொட்டியில குட்டிங்க பெருசாயிடுச்சு. ஒண்ணு ரெண்டுக்கு வாலோரம் லேசா ஆரஞ்சு தெரியுது."

பெரியவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏண்டி" என்றாள் பெரியவள் தயங்கித் தயங்கி, "கடையில வேற மீன் ஏதாவது வாங்கிக் கலந்துட்டியா?"

அந்தப் பக்கம் சின்னவள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. கையில் இருந்த கரண்டிக் காம்பால் பெரியவள் சுவரை ஒரு தட்டு தட்டினாள். புதுக் குடித்தனக்காரி என்னமோ ஏதோ என்று வாசலுக்கு ஓடி வந்தாள்.